பொங்கி எழுந்த நுரை

நுழையும்முன்

வகுப்பறையில் ஆசிரியர் செய்து காட்டும் ஒரு சோதனை சில நொடிகளில் முடிந்துவிடும். அந்தச் சில நொடிகளுக்குப் பின்னால் ஒருவரின் பல்லாண்டு உழைப்பு இருக்கும். நுரை பொங்கும் சோதனை ஒன்றையும், அதற்கு வழிவகுத்த வேதியியல் அறிஞர் ஒருவரின் வாழ்க்கையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது. சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்து, பெருநகரம் சென்று, உலகம் போற்றும் பேராசிரியராக உயர்ந்த அவரது பெயர் லூயி ஜாக் தெனார்.

மேசையின்மேல் எழும் நுரை

ஆய்வுக்கூடத்தின் நடுமேசையில் நீண்ட கழுத்துடைய கண்ணாடிக் கலம் ஒன்று நிற்கிறது. அதன் அடியில் ஓர் அகன்ற தட்டு இருக்கிறது. கலத்தினுள் தண்ணீரைப் போன்ற, நிறமற்ற நீர்மம் சிறிதளவு ஊற்றப்பட்டுள்ளது. அதன் பெயர் ஹைட்ரஜன் பெராக்சைடு. கண்ணாடியும் கையுறையும் அணிந்த ஆசிரியர் அதில் சோப்புக் கரைசலைச் சேர்க்கிறார். பின்னர்ப் பொட்டாசியம் அயோடைடு கரைசலைச் சிறிது ஊற்றிவிட்டு விலகி நிற்கிறார்.

மறுநொடியே கலத்தின் அடியிலிருந்து நுரை பொங்கி எழுகிறது. கழுத்தைத் தாண்டி வெளியே வந்து, பருத்த தூண்போல் உயர்ந்து, வளைந்து தட்டில் விழுகிறது. அதிலிருந்து ஆவியும் கிளம்புகிறது. பற்பசைக் குழாயை ஒரு பெரிய கை அழுத்திப் பிதுக்கியதுபோல் தோன்றுவதால், மாணவர்கள் இச்சோதனையை யானைப் பற்பசை என்று விளையாட்டாக அழைப்பார்கள்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு தண்ணீரைக் காட்டிலும் ஒரு மடங்கு கூடுதலான ஆக்சிஜனைத் தன்னுள் கொண்டது. அந்தக் கூடுதல் ஆக்சிஜன் உறுதியாகப் பிணைந்து நிற்பதில்லை. தக்க துணை கிடைத்தால் பெராக்சைடு தண்ணீராகவும் ஆக்சிஜன் வளிமமாகவும் விரைந்து பிரிந்துவிடும். வெளிவரும் ஆக்சிஜன் சோப்புக் கரைசலில் சிக்கிக் கோடிக்கணக்கான குமிழ்கள் ஆகிறது. பிரியும்போது வெப்பமும் வெளிப்படுவதால் நுரை சூடாக இருக்கிறது. தணலாக உள்ள குச்சியை நுரைக்குள் நுழைத்தால் அது மீண்டும் சுடர்விட்டு எரியும். நுரையினுள் இருப்பது ஆக்சிஜன் என்பதற்கு அதுவே சான்று.

இந்த நீர்மத்தை உலகில் முதன்முதலாக உருவாக்கி, அது பொங்கிப் பிரிவதைக் கண்டு, அதன் இயல்புகளைப் பொறுமையுடன் ஆராய்ந்தவர் தெனார். அவர் அதைக் கண்டறிந்த ஆண்டு 1818.

சிற்றூரிலிருந்து பாரிசு நகருக்கு

பிரான்சு நாட்டின் சாம்பாஞ் பகுதியில் லா லூப்தியேர் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு 1777-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள் தெனார் பிறந்தார். தந்தை உழவர். குடும்பத்தில் செல்வம் இல்லை. ஆயினும் பிள்ளையின் படிப்பைப் பெற்றோர் கைவிடவில்லை. ஊர்ப் பாதிரியாரிடம் தொடக்கக் கல்வி பெற்ற தெனார், பின்னர் அருகிலிருந்த சான்சு நகரில் பயின்றார்.

அக்காலத்தில் பிரான்சில் பெரும்புரட்சி நடந்துகொண்டிருந்தது. 1789-இல் தொடங்கிய அப்புரட்சி அரசையும் பள்ளிகளையும் பழைய அமைப்புகளையும் புரட்டிப்போட்டது. புதுமை வேதியியலின் தந்தை எனப் போற்றப்படும் லவாசியே 1794-இல் கொல்லப்பட்டார். அதே ஆண்டில்தான் பின்னாளில் எக்கோல் பாலிடெக்னிக் எனப் பெயர்பெற்ற உயர்தொழில்நுட்பக் கல்வி நிலையமும் தொடங்கப்பட்டது. இழப்பும் தொடக்கமும் ஒருங்கே நிகழ்ந்த அந்நாள்களில்தான், பதினேழு வயதை எட்டும் நிலையில், மருந்தாக்கக் கல்வி பயில வேண்டும் என்ற எண்ணத்துடன் தெனார் பாரிசு நகருக்குச் சென்றார்.

நகரம் அவருக்கு எல்லாவகையிலும் புதியது. அவரது பேச்சில் ஊர்மணம் இருந்தது. நகரத்தாரின் பேச்சு வேறாக இருந்தது. கையில் இருந்த பணமோ மிகக் குறைவு. நண்பர்களுடன் எளிய அறையொன்றில் தங்கினார். உணவு அளித்த அம்மையார் நேரத்தில் கண்டிப்பானவர். காலந்தாழ்த்தி வருவோருக்கு அன்று உணவு இல்லை. நேரம் தவறாமையைத் தாம் பசியிடம் கற்றுக்கொண்டதாகப் பிற்காலத்தில் தெனார் நகைச்சுவையாகக் கூறுவார் என்பர்.

அடுக்களை வழியே ஆய்வுக்கூடம்

பாரிசில் வேதியியல் சொற்பொழிவுகளை எவரும் கேட்கலாம். ஆனால், கேட்டு மட்டும் வேதியியலைக் கற்றுவிட முடியாது என்பதைத் தெனார் விரைவில் உணர்ந்தார். கலங்களைக் கையால் தொட வேண்டும். வெப்பப்படுத்தி, வடிகட்டி, எடைபோட்டுப் பார்க்க வேண்டும். அக்காலத்தில் வோக்லன் என்னும் புகழ்பெற்ற வேதியியலார் தம் ஆய்வுக்கூடத்தில் மாணவர் சிலருக்குப் பயிற்சி அளித்துவந்தார். அதற்கு மாதம் 20 பிராங்கு கட்டணம். அத்தொகை தெனாரிடம் இல்லை.

வேறு வழியின்றி ஒருநாள் வோக்லனையே நேரில் சந்தித்தார். கட்டணம் செலுத்த இயலாது என்றும், ஆய்வுக்கூடத்தைக் கூட்டித் துடைக்கவும், கலங்களைக் கழுவவும், எந்த எளிய பணியையும் செய்யவும் தாம் அணியமாக இருப்பதாகவும் கூறினார். வோக்லனும் உழவர் வீட்டில் பிறந்தவர்தாம். ஆனால், அவரும் செல்வர் அல்லர். கட்டணமில்லாத மாணவரைச் சேர்க்க அவர் தயங்கினார். தெனார் திரும்பிச் செல்ல வேண்டியதாயிற்று.

அந்நேரத்தில் வோக்லனின் சகோதரிமார் அங்கிருந்தனர். சிற்றூர் இளைஞனின் வாடிய முகத்தைக் கண்டு அவர்கள் மனமிரங்கினர். அடுப்பில் எப்போதும் கொதிக்கும் இறைச்சிச் சாற்றுப் பானையைப் பார்த்துக்கொள்ள அவ்விளைஞன் உதவுவான் என்றும், ஆய்வுக்கூடத்து நாகரிக இளைஞர் எல்லாரும் அதை அளவுமீறிக் கொதிக்க விட்டுவிடுகிறார்கள் என்றும் தம் உடன்பிறந்தாரிடம் எடுத்துக்கூறினர். வோக்லன் இசைந்தார். உள்ளே நுழைய ஆய்வுக்கூடத்தின் வாயில் திறவாதபோது, அடுக்களையின் வாயில் தெனாருக்குத் திறந்தது.

தெனார் பானையையும் பார்த்துக்கொண்டார். ஆய்வுக் கலங்களையும் பார்த்துக்கொண்டார். தீயை எப்போது கூட்டுவது, எப்போது தணிப்பது என்பதை இரண்டும் அவருக்குக் கற்பித்தன. சிறிது காலத்திலேயே வோக்லனின் நம்பிக்கைக்குரிய உதவியாளர் ஆனார்.

உரைமேடையில் முதல் நாள்கள்

ஒருமுறை வோக்லன் தம் வகுப்பை நடத்தும் பொறுப்பைத் தெனாரிடம் ஒப்படைத்தார். தெனாருக்கு அச்சம் மிகுதி. குறிப்பேட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே முதல் நாள்கள் கழிந்தன. சில வகுப்புகள் கடந்தபின் துணிந்து தலைநிமிர்ந்து பார்த்தார். அரங்கின் ஒரு மூலையில் வோக்லனும், அவருடைய ஆசிரியரான ஃபூர்குருவாவும் புன்னகையுடன் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தனர். பதறிப்போன தெனார் மேடையை விட்டிறங்கி ஓடிவிட்டார் என்று அவரது வாழ்க்கை வரலாற்றில் சொல்லப்படுகிறது.

ஓடியவர் திரும்பி வந்தார். 1798-இல் எக்கோல் பாலிடெக்னிக்கில் துணை ஆசிரியப் பணி பெற்றார். 1804-இல் வோக்லன் விட்டுச்சென்ற பதவியில், பிரான்சுக் கல்லூரி எனப்படும் கொலேழ் தெ பிரான்சின் வேதியியல் பேராசிரியராக அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. பின்னர்ப் பாரிசுப் பல்கலைக்கழக அறிவியல் துறையிலும், எக்கோல் பாலிடெக்னிக்கிலும் பேராசிரியர் ஆனார். அச்சத்தால் மேடையிலிருந்து ஓடிய இளைஞரின் உரையைக் கேட்க, அரங்கம் நிறைய மாணவர்கள் காத்திருக்கும் காலம் வந்தது.

நீல வண்ணமும் நெருங்கிய நண்பரும்

அக்காலத்து ஓவியர்களுக்கு நல்ல நீல வண்ணம் எளிதில் கிடைக்கவில்லை. ஆப்கானிஸ்தான் மலைகளில் கிடைக்கும் நீலக்கல்லை அரைத்து எடுத்த வண்ணம் மிக உயர்ந்த விலைக்கு விற்றது. அதற்கு ஈடான, விலை குறைந்த நீலத்தை உருவாக்கித் தருமாறு, வேதியியலாரும் அமைச்சருமான ஷப்தால் தெனாரைக் கேட்டுக்கொண்டார். தெனார் கோபால்ட் உப்பையும் அலுமினாவையும் சேர்த்துக் கடுமையாக வெப்பப்படுத்தி, ஒளியிலும் வெப்பத்திலும் மங்காத நீலத்தை உருவாக்கினார். கோபால்ட் நீலம் என்றும் தெனார் நீலம் என்றும் அது பெயர்பெற்றது. இன்றும் ஓவியர்கள் அதைப் பயன்படுத்துகின்றனர்.

தெனாருக்கு வாய்த்த நெருங்கிய நண்பர் கே-லுசாக். வளிமங்களின் இயல்புகளை ஆராய்ந்து புகழ்பெற்றவர் அவர். இருவரும் இணைந்து 1808-இல் போரான் என்னும் தனிமத்தைப் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஹம்பிரி டேவியும் அதனைப் பிரித்தெடுத்தார். ஆய்வுப் பாதையில் இடர்களும் இருந்தன. பொட்டாசியத்தைக் கொண்டு செய்த ஆய்வொன்றில் ஏற்பட்ட வெடிப்பில் கே-லுசாக்கின் கண்கள் கடுமையாகக் காயமுற்றன. இன்று ஆய்வுக்கூடத்தில் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும் என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவதன் பின்னணியில் இத்தகைய வேதனைகள் பல உள்ளன.

ஆக்சிஜன் ஏறிய நீர்

1818-ஆம் ஆண்டு தெனார் பேரியம் பெராக்சைடு என்னும் பொருளை ஆராய்ந்துகொண்டிருந்தார். பேரியம் ஆக்சைடை ஆக்சிஜனில் வெப்பப்படுத்தினால் அது கூடுதல் ஆக்சிஜனை ஏற்றுப் பேரியம் பெராக்சைடு ஆகும். அதனைக் குளிர்ந்த, நீர்த்த அமிலத்தில் கரைத்தால் அந்தக் கூடுதல் ஆக்சிஜன் வெளியேறிவிடும் என்று எவரும் எதிர்பார்ப்பர். ஆனால், குமிழ் ஒன்றும் எழவில்லை. ஆக்சிஜன் நீர்மத்தினுள்ளேயே தங்கிவிட்டது.

அமிலம்தான் ஆக்சிஜனை ஏற்றுக்கொண்டது என்று தெனார் முதலில் கருதினார். அக்கருத்தை அறிவித்தும் விட்டார். ஆனால், அறிவித்தோம் என்பதற்காக ஆய்வை நிறுத்தவில்லை. கந்தக அமிலத்தைச் சேர்த்துப் பேரியத்தை நீக்கினார். வெள்ளிச் சேர்மத்தைச் சேர்த்துக் குளோரினை நீக்கினார். இறுதியில் அமிலமும் இல்லை, உப்பும் இல்லை. எஞ்சியது நீர் மட்டுமே. அந்நீரில் ஆக்சிஜன் அப்படியே இருந்தது. ஆக்சிஜனை ஏற்றது அமிலம் அன்று, நீரே என்பது தெளிவாயிற்று. தம் முதற் கருத்தைத் தெனார் தாமே திருத்திக்கொண்டு, புதிய பொருளுக்கு ஆக்சிஜன் ஏறிய நீர் என்று பெயரிட்டார். பிரான்சு மக்கள் இன்றும் அப்பெயராலேயே ஹைட்ரஜன் பெராக்சைடை அழைக்கின்றனர்.

அது எளிதில் கெட்டுவிடும் பொருள். சற்றுச் சூடுபட்டாலும், சிறிது மாசு கலந்தாலும் பிரிந்துவிடும். ஆகவே தெனார் கலத்தைப் பனிக்கட்டியில் வைத்தே பணிசெய்தார். காற்று நீக்கப்பட்ட கலத்தில் கந்தக அமிலத்தை அருகில் வைத்து, நீரைச் சிறிது சிறிதாக வற்றச் செய்தார். முடிவில் பாகுபோன்ற, தண்ணீரைவிட அடர்த்தி மிகுந்த நீர்மம் கிடைத்தது. அது பிரியும்போது தன் பருமனைப்போல் 475 மடங்கு ஆக்சிஜனை வெளியிட்டது. கடைகளில் விற்கும் பெராக்சைடு புட்டிகளில் சிலவற்றின்மீது 10 பருமன், 20 பருமன் என்று பொறித்திருப்பதும் இந்த அளவையே குறிக்கும். காயம் துடைக்கப் பயன்படும் 3 விழுக்காட்டுக் கரைசல் ஏறத்தாழ 10 மடங்கு ஆக்சிஜனைத் தரும்.

மாறாத வெள்ளி

தெனார் பல பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து இந்த நீர்மத்துடன் சேர்த்துப் பார்த்தார். பொடியாக்கிய வெள்ளியும் பிளாட்டினமும் பட்டவுடன் நீர்மம் கொந்தளித்து ஆக்சிஜனை வெளிவிட்டது. மாங்கனீசு டைஆக்சைடும் அவ்வாறே செய்தது. வியப்புக்குரியது இதுதான்: கொந்தளிப்பு அடங்கியபின் பார்த்தால் வெள்ளி வெள்ளியாகவே இருந்தது, பிளாட்டினமும் மாறவில்லை. தான் மாறாமல் மற்றொன்றை மாறச் செய்யும் ஆற்றல் அவற்றுக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழுந்தது.

குருதியிலிருந்து எடுத்த நார்ப்பொருளும் அதே விளைவைத் தந்ததைத் தெனார் கண்டார். உயிரற்ற உலோகம் செய்யும் செயலை உயிர்ப்பொருளும் செய்வது அக்காலத்தில் பெரும்புதிர். விடை காண நெடுங்காலம் ஆயிற்று. 1835-இல் சுவீடன் நாட்டு வேதியியலார் பெர்சீலியஸ் இத்தகைய நிகழ்வுகளை எல்லாம் ஒன்றுசேர்த்து ஆராய்ந்தார். அவற்றுக்கு அவர் ஒரு புதுப்பெயர் சூட்டினார். தமிழில் அதை வினையூக்கம் என்கிறோம். அச்செயலைப் புரியும் பொருள் வினையூக்கி. சிராய்ப்புக் காயத்தில் பெராக்சைடு பட்டால் வெண்ணுரை எழுவதற்குக் காரணம் குருதியிலும் திசுக்களிலும் உள்ள கேட்டலேஸ் என்னும் நொதி. 1900-ஆம் ஆண்டில்தான் அதற்கு அப்பெயர் கிடைத்தது. யானைப் பற்பசைச் சோதனையில் பொட்டாசியம் அயோடைடோ, ரொட்டி செய்யப் பயன்படும் ஈஸ்ட்டோ வினையூக்கியாக அமைகிறது.

புதிய நீர்மத்தின் பயனையும் தெனார் கண்டறிந்தார். பழைய சித்திரங்களில் ஈய வெள்ளை பூசிய இடங்கள் காற்றிலுள்ள கந்தகச் சேர்மத்தால் காலப்போக்கில் கறுத்துவிடும். நீர்த்த பெராக்சைடைத் தூரிகையால் தொட்டு வைத்தால், அக்கறுப்பு மறைந்து வெண்மை திரும்புவதை அவர் செய்து காட்டினார். இன்று துணியையும் காகிதக் கூழையும் வெளுக்க உலகெங்கும் இப்பொருள் பயன்படுகிறது. திருப்பூரில் பின்னலாடைகளுக்கான பருத்தித் துணி வெளுக்கப்படுவதும் பெரும்பாலும் இதனால்தான்.

இரண்டு குவளைகள்

தெனாரின் வகுப்பு என்றால் செய்முறை விளக்கம் இல்லாமல் இராது. ஒருநாள் எக்கோல் பாலிடெக்னிக்கில் அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். மேசையில் இரண்டு குவளைகள் இருந்தன. ஒன்றில் அவர் குடிப்பதற்கான சர்க்கரை நீர். மற்றொன்றில் சோதனைக்கான மெர்க்குரிக் குளோரைடு கரைசல். இரண்டும் நிறமற்றவை. மெர்க்குரிக் குளோரைடு கொடிய நஞ்சு. பேச்சின் விரைவில் தெனார் குவளை மாறி எடுத்து ஒரு மிடறு விழுங்கிவிட்டார்.

சுவை நாவில் பட்டதும் நிகழ்ந்ததை அவர் உணர்ந்தார். ஆனால் கலங்கவில்லை. தாம் நஞ்சு அருந்திவிட்டதை மாணவர்களிடம் அமைதியாகத் தெரிவித்து, உடனே முட்டை கொண்டுவருமாறு கூறினார். மாணவர்கள் நாற்புறமும் ஓடினர். அருகிலிருந்த வீடுகளிலும் கடைகளிலும் கிடைத்த முட்டைகளை எல்லாம் அள்ளிவந்தனர். முட்டையின் வெண்கருவில் உள்ள புரதம் பாதரச உப்புடன் சேர்ந்து கரையாத பொருளாக மாறும். நஞ்சு உடலில் பரவுவது தடைபடும். அக்கால மருத்துவர் அறிந்திருந்த மாற்று அதுவே. வெண்கருவை உட்கொண்ட தெனார் உயிர்பிழைத்தார். ஆசிரியர் கற்பித்த வேதியியலும், மாணவர் காட்டிய விரைவும் சேர்ந்து ஓர் உயிரைக் காத்தன.

இந்நிகழ்ச்சி தெனாரின் துணிவை மட்டும் காட்டுவதன்று. ஆய்வுக்கூடத்தில் உண்ணவும் பருகவும் கூடாது என்பதற்கும், ஒவ்வொரு கலத்திலும் பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டும் என்பதற்கும் இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை. எவரேனும் நஞ்சை அருந்த நேர்ந்தால் இக்காலத்தில் தாமாக மருத்துவம் செய்யாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

எல்லாம் மாணவர்க்கே

தெனாரின் குரல் ஓங்கியது, இயல்பு வெளிப்படையானது. சோதனை ஒன்று வகுப்பில் பிழைபட்டால் உதவியாளர்மீது அவருக்குச் சினம் பொங்கும். அதற்குக் காரணம் அவர் கொண்டிருந்த ஓர் உறுதி. வகுப்பறையில் மாணவர்களை மட்டுமே கருத வேண்டும் என்றும், பேராசிரியர், உதவியாளர், ஆய்வுக்கூடம் ஆகிய அனைத்தும் மாணவர்க்காகவே இருக்க வேண்டும் என்றும் அவர் எண்ணினார். 20 பிராங்கு இல்லாமல் ஆய்வுக்கூட வாயிலில் நின்றவர், பின்வரிசையில் அமர்ந்திருக்கும் ஏழை மாணவனுக்கும் சோதனை தெளிவாகத் தெரிய வேண்டும் என்று விரும்பியதில் வியப்பில்லை.

வகுப்பறைக்கு வர இயலாதவர்களுக்காக நான்கு பகுதிகள் கொண்ட வேதியியல் பாடநூலை எழுதினார். 1813-ஆம் ஆண்டு முதல் வெளிவந்த அந்நூல் பல பதிப்புகள் கண்டது. பல்லாண்டுகள் மாணவர்க்கு வழிகாட்டியது. அவரது வகுப்பில் அமர்ந்து கேட்டவர்களுள் செருமானிய இளைஞர் லீபிக்கும் ஒருவர். தாய்நாடு திரும்பிய லீபிக், 1824 முதல் கீசன் நகரில் மாணவர்கள் தம் கையாலேயே சோதனை செய்து பழகும் ஆய்வுக்கூடக் கல்வியை வளர்த்தார். உலகின் பல பள்ளிகளில் இன்று மாணவர் கையில் சோதனைக் குழாய் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இறுதி ஆண்டு

பெரும் பதவிகள் தெனாரைத் தேடிவந்தன. 1810-இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் உறுப்பினர் ஆனார். 1825-இல் மன்னர் அவருக்குப் பாரன் என்னும் உயர்குடிப் பட்டம் அளித்தார். நாட்டின் கல்வி நிருவாகத்திலும் உயர்ந்த பொறுப்புகளை வகித்தார். ஆனாலும் இளமையின் வறுமையை அவர் மறக்கவில்லை.

அறிவியலுக்கே தம் வாழ்வை ஈந்து, பொருள் சேர்க்காமல் மறைந்த அறிஞர் பலரின் குடும்பங்கள் துன்புறுவதை அவர் கண்டிருந்தார். அவர்களுக்கு உதவ 1857-இல் அறிவியல் நண்பர்கள் உதவிக் கழகத்தைத் தோற்றுவித்தார். அப்போது அவருக்கு எண்பது வயது நெருங்கியிருந்தது. அவ்வாண்டிலேயே சூன் 21-ஆம் நாள் பாரிசில் காலமானார். வாழ்வின் இறுதிச் செயலும் பிறர் வீட்டு அடுப்பு எரியவேண்டும் என்பதற்காகவே அமைந்தது.

அவர் பயின்ற சான்சு நகரில் 1861-இல் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. 1889-இல் கட்டி முடிக்கப்பட்ட ஈஃபில் கோபுரத்தில் பொறிக்கப்பட்ட 72 அறிவியலார், பொறியாளர் பெயர்களுள் தெனாரின் பெயரும் உண்டு. ஆனால், எல்லாவற்றினும் இனிய சிறப்பை அளித்தது அவர் பிறந்த சிற்றூர். 1865-இல் அவ்வூர் தன் பெயருடன் அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டது. அதன் பெயர் இன்று லா லூப்தியேர்-தெனார். பிழைப்பையும் படிப்பையும் நாடி ஊரை விட்டுச் சென்ற மகனை, ஊர் தன் பெயரிலேயே வைத்துக் காத்துவருகிறது.

சொல்லும் பொருளும்

அடுக்களை – சமையலறை
அணியமாக – ஆயத்தமாக
இசைந்தார் – உடன்பட்டார்
குருதி – இரத்தம்
நீர்த்த – தண்ணீர் கலந்து செறிவு குறைந்த
பருமன் – ஒரு பொருள் அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவு
மிடறு – ஒரு வாய் அளவு
வளிமம் – வாயு
வினையூக்கி – தான் மாறாமல் வேதிவினையை விரைவுபடுத்தும் பொருள்

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. தெனார் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கண்டறிந்த ஆண்டு ________.
2. தெனாரும் கே-லுசாக்கும் இணைந்து பிரித்தெடுத்த தனிமம் ________.
3. காயத்தில் பெராக்சைடு நுரைப்பதற்குக் காரணமான நொதி ________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. வோக்லனின் சகோதரிமார் தெனாருக்கு எவ்வாறு உதவினர்?
2. தணலாக உள்ள குச்சி நுரையினுள் சுடர்விட்டு எரிவது ஏன்?
3. ஆக்சிஜனை ஏற்றது அமிலம் அன்று, நீரே என்பதைத் தெனார் எவ்வாறு தெளிந்தார்?

இ. பத்து வரிகளில் விடை எழுதுக.
1. குவளை மாறிய நிகழ்ச்சியை விவரித்து, அதிலிருந்து ஆய்வுக்கூடத்தில் பின்பற்ற வேண்டிய நெறிகளை எழுதுக.
2. தாம் அறிவித்த கருத்தைத் தாமே திருத்திக்கொள்வது அறிவியலாருக்குச் சிறப்பா, குறையா? பாடத்திலிருந்து சான்று காட்டி எழுதுக.

ஈ. பேசி மகிழ்க.
வேறு ஊரிலிருந்து வந்து குடியேறி, உழைப்பால் உயர்ந்த ஒருவரைப் பற்றி வீட்டில் உள்ள பெரியவர்களிடம் கேட்டறிந்து, வகுப்பில் தமிழில் ஐந்து மணித்துளிகள் பேசுக.